எண்ணிக்கை சரி

மாரி தொடங்கின கிழமை
பாண்டியன்குளத்துக்கு மோட்டர்சைக்கிளில் போனேன்.
பின்னால் றெஜிபோம் பெட்டி,
பெட்டிக்குள் ஐஸ், ஐசுக்குள் தடுப்பு மருந்து.
குஞ்சுக்கு ஒரு துளி, கண்ணில்.
ஜெயசோதி ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தந்தா.
ஐம்பது. பதிவேட்டில் கையெழுத்து வைத்தா.
தேத்தண்ணி தந்தா, சீனி தூக்கலாய்.

மூன்றாம் கிழமை போன் வந்தது:
"மருந்தே ஊத்தினனீங்கள், பச்சைத் தண்ணியே?"

போனேன்.
கழுத்து முறுகிப் பின்னுக்குப் பார்த்தபடி
பதினாறு கிடந்தன, உரப்பையில்.
மிச்சம் பச்சையாய்க் கழிந்துகொண்டு நின்றன.
பிழை என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன்.
வழியில் ஐஸ் உருகியிருக்குமோ,
மூடி சரியாய் இறுகவில்லையோ.
இரண்டு கோழியின் சிறகு நரம்பில் இரத்தம் எடுத்தேன்.
அவ ஒன்றும் பேசாமல் வாளியைக் கழுவினா.

கிளிநொச்சியில்,
மின்சாரம் வந்துவந்து போன ஒரு பின்னேரம்,
கண்ணாடித் தகட்டில் ஊதாச் சாயம்.
கோழியின் செங்குருதிக் கலங்களுக்குக் கரு உண்டு,
கொட்டிவிட்ட பூசணி விதைகளைப் போல.
அவற்றுக்கிடையே வெண்குருதிக் கலங்களை எண்ணினேன்.
எண்ணிக்கை சரி.
இரண்டாம் தகடும் சரி.
படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
அவை தின்கின்றனவா என்று கேட்கக்
கட்டம் இல்லை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவற்றைப்
படைவீரர் என்று படித்திருக்கிறேன்.
அரண், காவல், எதிரி, முற்றுகை.
இந்த ஊரில், ஒரு பெண்ணின் முற்றத்தில் நின்று
அந்தச் சொற்களைச் சொல்ல
எனக்கு வாய் எழவில்லை.
"அதுகள் தின்னிற சாதி, அக்கா" என்றேன்.
கிருமி வந்தால் கிட்டப் போகும்,
கட்டிப் பிடிச்சு வயித்துக்குள்ள இழுக்கும்.
தின்டது இன்னதெண்டு மற்றதுகளுக்குக் காட்டும்.
நாங்கள் ஊத்தின மருந்தும் அந்த வாயைத்தான் நம்பியிருக்கு.

"இப்ப?"

இப்பவும் போகுதுகள். தொடுதுகள்.
தின்ன மறந்து நிக்குதுகள்.

கொட்டில் மூலையில் தறப்பாள்.
தூக்கினதும் மணம் சொல்லிவிட்டது.
கடன் காசில் வாங்கின சோளன், நாலு மூட்டை;
கீழ் மூட்டை நிலத்து ஈரத்தைக் குடித்திருந்தது.
மணிகளின் முளையில் பச்சைமஞ்சள் தூள்,
மகரந்தமென்று தேனீயும் ஏமாறும்.
கையை நுழைத்தேன். உள்ளே சூடு.

பூஞ்சணத்துக்கு யாரோடும் கோபமில்லை.
தன்பாட்டுக்கு ஒரு மூட்டையை உண்டு வாழ்கிறது.
தன் தட்டில் பிறர் கைவைக்கக் கூடாதென்றோ என்னவோ
ஏதோ ஒன்றைக் கசியவிடுகிறது.
அந்த ஏதோ ஒன்று
கோழியின் ஈரலில் இறங்கி
இரத்தத்தின் பசியை அணைக்கிறது.

"வெயிலில காயவிட்டா?"
பூஞ்சணம் சாகும், அக்கா. அது கசியவிட்டது சாகாது.
"வறுத்தா?"
வறுத்தாலும் இருக்கும்.
"அவிச்சா?"
தலையை ஆட்டினேன்.

மழைக்கு முந்தின காற்று
தறப்பாளைத் தூக்கிப் போட்டது.
அவ உள்ளே போய்ச்
சுளகொன்றைக் கொண்டுவந்து வைத்தா.
சுளகில் கச்சான், கோதுடைத்தது,
அதே மூலையில் கிடந்த மற்றப் பையிலிருந்து.
"இதைத்தான் பொடியன் பள்ளிக்குக் கொண்டுபோறவன்."
பொடியன் வாசலில், ஒரு காலைத் தூக்கியபடி.
குதிக்காலில் முள் குத்தின புண்,
ஆவணியில் குத்தினதாம்,
இன்னும் மூடவில்லை.

நான் கால்நடைப் பகுதி.
மனிதப் புண்ணுக்கு என்னிடம் படிவமே இல்லை.
புண் மூடாததற்கு நூறு காரணம் இருக்கும் என்று
சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.
மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன்.
இரத்தம் எடுப்பார்கள்.
எண்ணிக்கை சரி என்று எழுதுவார்கள், அநேகமாக.

என் அறிக்கையின் அடியில், கட்டத்துக்கு வெளியே,
"தீனியைப் பரிசோதிக்கவும்" என்று எழுதினேன்.
எழுத்து வளைந்து தாளின் ஓரத்தில் ஏறிவிட்டது.

மாங்குளத்தில் பெற்றோல் அடிக்க நின்றபோது
ஒருவன் கடதாசிச் சுருளில் கச்சான் நீட்டினான்.
பழக்கத்தில் வாங்கினேன். ஒன்று கசந்தது.
துப்பினேன்.
கொஞ்சநேரம் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் வந்தவன் கோர்ன் அடித்தான்.
அடுத்ததைப் பல்லுக்கிடையில் வைத்து
மெல்லக் கடித்தேன்.